பாவு ஓடி முடிவதற்குள் வந்த பிரசவம்

நித்யா கண்ணு, பிரபு, என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நித்யா போன வாரம் போனில் கேட்டாள். அவள் கம்பெனியில் கொடுத்த இன்சூரன்சில் பிரசவச் செலவு வராதாம். வேலைக்குச் சேர்ந்து இன்னும் கொஞ்ச காலம் ஆகியிருந்தால்தான் வருமாம். "அப்பா, நீங்க இத்தன வருசம் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுனீங்க, கைக்கு அடங்கற செலவுல எங்க போறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. எட்டாவது படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, வலி வருவதற்கு முன்னால் ஒரு பகல் பொழுதில் மாப்பிள்ளையும் நீயும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த வாசல், எந்தக் கட்டடம், ரத்தம் எங்கே வாங்குவது, கூட வந்தவர்கள் எங்கே உட்காருவது, எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். இவ்வளவுதானா என்று நினைக்காதே. இதைச் செய்யாததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

நான் டிரைவரானது பெரிய கதை இல்லை. முதலில் லாரியில் கிளீனர். பிறகு சோமனூரில் நூல் மூட்டை ஏற்றும் டெம்போ. அரசாங்க வேலை கிடைத்ததும் சத்தியமங்கலம் மலைப் பக்கம் போட்டார்கள், தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோகும் ஜீப்புக்கு. அங்கே ஒரு நாள் மலைக் கிராமத்திலிருந்து வலியெடுத்த ஒரு பெண்ணைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். வாசலில் இறக்கிவிட்டு, ஜீப்பை ஓரங்கட்டி, முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், அந்தப் பெண்ணும் கூட வந்தவர்களும் வெளியே மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "யாரும் கூப்புடலீங்களே" என்றார்கள். நல்லவேளை, குழந்தை பிறக்க நேரமிருந்தது. அவ்வளவு தூரம் மலை இறங்கி வந்தவர்களுக்கு அந்தப் பத்தடி போக முடியவில்லை. அது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

பிறகு சோமனூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரிதான் நீங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட டாக்டரம்மா.

டாக்டரம்மா கொடுமுடிக்காரர். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அவர் பேசுவது நமக்குக் கேட்கவே இல்லை என்றால் யாரோ நன்றாக மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். காலையில் வந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வண்டில டீசல் இருக்குதுங்களா?" அதற்கப்புறம்தான் வணக்கம். கர்ப்பிணிகள் வரும் நாளில் கூட வந்த புருஷனையும் உள்ளே கூப்பிடுவார். மனைவிக்கு நாற்காலி, புருஷனுக்கு ஸ்டூல். "உங்க சம்சாரத்துக்கு என்ன ரத்தங்க?" என்று கேட்பார். விழித்தால், "அவங்களையும் வெளிய கூட்டிட்டுப் போயிக் கேட்டுத் தெரிஞ்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். சில ஆம்பிளைகள் வராந்தாவில் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி ரத்த வகையை முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருபோதும் யாரிடமும் "பயப்படாதீங்க" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மலைக் கிராமத்துக் கதையை ஒருமுறை வண்டியில் போகும்போது அவரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். மறுவாரம் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தது. எங்கள் நிலையத்தில் ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. சிக்கல் வரலாம் என்று தெரிந்த பெண்களைக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர்களையும் புருஷனையும் மாமியாரையும் மாதம் நிறைவதற்கு முன்பே ஒரு நாள் எங்கள் வண்டியில் ஏற்றி, பெரியாஸ்பத்திரியைக் காட்டிக் கூட்டிவரச் சொன்னார். காட்டுவது என் வேலை. பிரசவ வார்டுக்குப் போகும் வாசலில் ஆரம்பித்து, அட்மிஷன் போடும் இடம், ரத்த வங்கி, குடிதண்ணீர், கக்கூஸ், இட்லிக்கடைவரை காட்டுவேன். திரும்பும்போது புருஷனை முன்னால் விட்டு "இப்ப நீங்க வழி சொல்லுங்க" என்பேன். வாசல்வரை தப்பில்லாமல் வந்தால்தான் வண்டியை எடுப்பேன்.

"தெரியாத எடம்னா சனம் பயப்படுங்க. அந்தப் பயத்துலதான் கடனை வாங்கிக்கிட்டு வேற பக்கம் ஓடறாங்க" என்பார் டாக்டரம்மா.

இதை எங்கள் வட்டாரம் முழுக்கப் பார்த்தோம். தறிக்குடோனில், அதாவது விசைத்தறி ஓடும் கொட்டகையில், கூலிக்கு ஓட்டுபவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, எந்த இன்சூரன்சும் கிடையாது. ஆனாலும் மாத்திரை, ஊசி, செக்கப் எல்லாம் எங்களிடம் ஓசியில் பார்த்துக்கொண்டு, வலி வந்ததும் தனியாருக்குப் போய்விடுவார்கள். குடோன் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அதைக் கழிக்கும்வரை அந்தக் குடோனை விட்டு நகர முடியாது.

மூர்த்தியும் சுகன்யாவும் அப்படி மாட்டியிருந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே குடோனில் வேலை. அவன் தறி ஓட்டுவான், அவள் எதிர்ச் சுவரோரம் தார் சுற்றுவாள், குறுக்கு நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றி ஏற்றும் வேலை. முதல் குழந்தை தனியாரில், வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். அந்த முன்பணம் கழிவதற்குள் இரண்டாவது உண்டாகிவிட்டது. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: பழைய தையல் இருக்கிறது, வலி வரும்வரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நாள் நெருங்கும்போதே பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் டிரைவரோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

மூர்த்தி ஸ்டூலில் நெளிந்தான். "பாவு ஓடி முடிஞ்சுரட்டுங்க மேடம்" என்றான்.

நித்யாவுக்கு இது தெரிந்திருக்காது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல் சுற்றிய உருளை, ஏற்றினால் அது ஓடி முடிந்து துணி அறுத்தால்தான் கணக்குப் பார்ப்பார்கள். நடுவில் வேறு ஆள் கை வைத்தால் துணியின் நெருக்கம் மாறும், கழிவு விழும், கூலியைப் பிடிப்பார்கள். அதனால் கல்யாணம் என்றாலும் காய்ச்சல் என்றாலும் தறிக்காரன் வாயில் முதலில் வருவது இந்த வார்த்தைதான்.

அவன் அம்மா மாராத்தாள் கதவருகே நின்றிருந்தாள். ஆயுசுக்கும் தோட்டங்காட்டில் கூலிக்குப் போன மனுஷி. டாக்டரம்மா அவளைப் பார்த்து, உங்களுக்கென்னங்கம்மா தடை என்று கேட்டார்.

"மேடம், நீங்க வாங்க போங்கன்னு பேசறீங்க. அங்க போனா ஏய் தள்ளு, ஏய் நவுருன்னுதான் பேசுவாங்க. அதையெல்லாம் நானு காட்டுலயே கேட்டுப்போட்டனுங்க. காசு குடுத்தா அந்த ஆஸ்பத்திரில 'வாங்கம்மா, உக்காருங்கம்மா'ன்னு சொல்றாங்க. மருமவளுக்காச்சும் அது கெடைக்கட்டுமுங்க."

 டாக்டரம்மா, "நீங்க சொல்றது நெசந்தானுங்க. அங்க அப்பிடியும் பேசுவாங்க. ஆனா உங்க மருமவளுக்கு வேணுங்கற ரத்தமும் தியேட்டரும் காசு கேக்காம அங்கதானுங்க இருக்குது" என்றார். மாராத்தாள் தலையாட்டினாள். ஒத்துக்கொண்ட தலையாட்டல் அல்ல அது.

இரண்டு தடவை நாள் குறித்தோம். இரண்டு தடவையும் பாவு முடியவில்லை. ஒருமுறை கரண்ட் இல்லை, இன்னொருமுறை நூல் அடிக்கடி அறுந்தது என்றான்.

மூன்றாவது நாள் குறிப்பதற்குள் வலி வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம். இலவச ஆம்புலன்ஸ் வேறு கேசுக்குப் போயிருந்தது. எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரை ஏற்றிக்கொண்டு நான் போனேன். அவர்கள் வீட்டு முன்னால் ஓர் ஆட்டோ ஏற்கெனவே நின்றது. மாராத்தாள் துணிப்பையோடு அதில் உட்கார்ந்திருந்தாள். பழைய தனியார் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம், அவர்களுக்குத்தான் தையலைப் பற்றித் தெரியும் என்றாள். மூர்த்தி குடோனிலிருந்து ஓடிவந்திருந்தான். தலைமுடியெல்லாம் பஞ்சு. முதலாளியிடம் முன்பணம் கேட்டுவிட்டேன், தருகிறேன் என்றார் என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவுக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் நின்றான்.

சுகன்யா சுவரைப் பிடித்துக்கொண்டு வலி விடும்வரை நின்றாள். விட்டதும் நேராக எங்கள் வண்டிக்கு நடந்து வந்தாள்.

"நானு இதுலதான் போறனுங்க அத்தை. இன்னொருக்கா முன்பணம் வாங்குனா, பொறக்கற புள்ளையும் அதே குடோன்ல தார் சுத்தித்தான் கழிக்கோணும்."

மாராத்தாள் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

அவினாசி ரோட்டில் அந்த நேரத்து நெரிசல் உங்களுக்குத் தெரியும். சைரன் போட்டாலும் ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்கள். குலுங்காமல் போங்கண்ணா, குலுங்காமல் போங்கண்ணா என்று சிஸ்டர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். வேகமாகவும் போக வேண்டும், குலுங்கவும் கூடாது.  வழியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பச்சை போர்டு தெரிந்தது. அப்போது பார்த்து சுகன்யாவுக்குப் பெரிய வலி. மூர்த்தி என் தோளைப் பிடித்துவிட்டான்.

"நிறுத்துங்கண்ணா. இங்கயே எறக்கிருங்க. என்னமோ ஆனா நானு என்னங்க பண்ணுவேன்."

எனக்கும் அந்த நிமிஷம் கால் பிரேக்குக்குப் போனது, பொய் சொல்ல மாட்டேன். சிஸ்டர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டரம்மா மூர்த்தியிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. "சுகன்யா, பழைய தையல் மேல கைய வெச்சுப் பாருங்க. வலி விட்டு விட்டு வருதுங்களா, விடாம இருக்குதுங்களா?" என்றார்.

 விடாத வலி என்றால் உள்ளே தையல் கிழிகிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கிற இடத்தில் இறக்கித்தான் ஆக வேண்டும்.

"விட்டு விட்டுத்தானுங்க மேடம் வருது. இப்ப விட்டுருச்சு."

"அப்ப நேராப் போங்க. அங்க பேசிட்டேன், தியேட்டர் தயாரா இருக்குது. நானும் வாரேன்."

பச்சை போர்டு பின்னால் போனது. மூர்த்தி கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை நானே தள்ளினேன். வழி எனக்குத் தண்ணீர் பட்டபாடு. வார்டு வாசலில் ஓர் ஆள், "ஏய், யாரது, கூட்டமா வராத, தள்ளு" என்றான். மாராத்தாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேனல்லவா என்கிற பார்வை. 

ஆனால் உள்ளே ஒரு நொடி வீணாக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. மாராத்தாள் கையில் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் முகம் இளகியது. சுகன்யாவை ஆபரேஷன் முடிந்தவர்களைப் போடும் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆண்களுக்கு அனுமதி இல்லை. கதவின் மேல்பாதியில் கண்ணாடி. அவள் கட்டில் கதவிலிருந்து தெரிகிற மாதிரி இருந்தது. கழுத்துவரை போர்வை.

எங்களைக் கீழே எல்லோரும் காத்திருக்கும் கொட்டகைக்குப் போகச் சொன்னார்கள், மாராத்தாள் குழந்தையோடு போனாள். நானும் மூர்த்தியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். வாசல்காரன் இரண்டு முறை விரட்டினான். இரண்டு முறையும் தள்ளிப்போகிற மாதிரி போய்த் திரும்ப வந்து நின்றான்.

டீ வாங்கிக்கொண்டு நான் திரும்பி வரும்போது அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். "அவ முதுகு நனையுதுங்கறா. கண்ணு இருட்டுதுங்கறா. யாராச்சும் போயிப் பாருங்க."

வாசல்காரனுக்குக் கோபம். இங்கேயிருந்து உனக்கு எப்படிக் கேட்டது, கனாக் கண்டாயா என்றான். உள்ளே சிஸ்டர் ஒருவர் வார்டின் அந்தக் கோடியில் வேறொரு பெண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் அழுகிற சத்தம். சுகன்யா கத்தவில்லை, கத்தத் தெம்பும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. டெம்போ ஓட்டிய காலத்தில் நான் பார்க்காத குடோன் இல்லை. தறி ஓடும்போது காதோடு காதாகக் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே வேலை செய்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நூல் தீர்ந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாம் உதட்டில்தான். இவர்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காக எதிரெதிரே அப்படியே சண்டை போட்டு, அப்படியே சமாதானமானவர்கள்.

"அவங்க தறிக்காரங்கய்யா. அந்தப் புள்ள சொல்றது இவருக்குத் தெரியும். சிஸ்டரைக் கூப்புடுங்க" என்றேன்.

வாசல்காரன் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். என்ன நினைத்தானோ, கதவைத் திறந்து சத்தமாகக் கூப்பிட்டான். சிஸ்டர் ஓடிவந்து போர்வையைத் தூக்கினார். அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது. கதவு மூடியது, இரண்டு மூன்று பேர் உள்ளே ஓடினார்கள், திரும்பவும் தியேட்டர்.

கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, ரத்தம் கொடுக்க ஆள் கூப்பிடுங்கள் என்றார்கள். மூர்த்தி குடோனுக்குப் போன் செய்தான். தறிகளை நிறுத்திவிட்டு, பாவை அப்படி அப்படியே விட்டுவிட்டு, ஒரு டெம்போ நிறைய ஆட்கள் வந்தார்கள். தலையில் பஞ்சோடு ரத்த வங்கி வாசலில் வரிசையாக நின்றார்கள். வழி காட்ட நான் போனேன். அந்த வேலையாவது இருந்ததே என்று எனக்கு ஆறுதல்.

டாக்டரம்மா தன் நோயாளிகளை முடித்துவிட்டுப் பஸ் பிடித்து வந்தார். அவர் தியேட்டருக்குள் போக முடியாது, அது அவர் ஆஸ்பத்திரி இல்லை. மாராத்தாள் குழந்தையை மடியில் வைத்துத் தியேட்டர் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மேடம், எங்க புள்ள பொழைச்சுக்குமுங்களா?" என்று மாராத்தாள் கேட்டாள்.

"தெரீலீங்கம்மா. நானும் இங்கயே இருக்கறேன்" என்றார்.

அந்தக் காத்திருப்பை என்னால் எழுத முடியவில்லை. தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தோம். வேறு யாரையோ கூப்பிட்டார்கள், உட்கார்ந்தோம். ஒருமுறை குழந்தை அழுதபோது மாராத்தாள் அதனிடம், "அழுவாத அம்மணி, அம்மா வருவா" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்கிற மாதிரி டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு பெரிய டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். ரத்தம் நின்றுவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லவில்லை. யார் முதலில் பார்த்தது என்று கேட்டார். எல்லோரும் மூர்த்தியைப் பார்த்தோம். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

பிறகு, சுகன்யா கஞ்சி குடிக்க ஆரம்பித்த பின்னால், அன்றைக்கு எவ்வளவு கூப்பிட்டும் ஏன் கதவை விட்டு நகரவில்லை என்று அவனைக் கேட்டேன்.

"வந்து பாக்காத எடமுங்கண்ணா. கீழ போனா திரும்பி வர வழி தெரியாதுன்னு பயந்துக்கிட்டு நின்னனுங்க" என்றான்.

இதை டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவன் வந்து பார்த்திருந்தால் என்னோடு இட்லிக்கடைக்கு வந்திருப்பான், அவள் உதட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நேரத்தோடு போய்ப் படுத்திருந்தால் இவ்வளவு அவதியே வந்திருக்காதோ என்னவோ. இரண்டையும் வைத்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது. டாக்டரம்மாவும் ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "காட்டறத நிறுத்த வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

சில மாதம் கழித்து ஒரு காலை, மாராத்தாள் எங்கள் நிலையத்துக்கு வந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தாள், அவளுக்கு நிறைமாசம் ஆகக் கொஞ்ச நாள் இருந்தது. அவளும் அவள் புருஷனும் தறிக்குடோனில் வேலை செய்பவர்கள்தான். "ஏனுங்க டிரைவரு, இந்தப் புள்ளைக்கு அந்த எடத்தைக் காமிக்கோணும். வண்டிய எடுங்க, நானும் வாரேன்" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் எனக்கு வேலையே இல்லை. அவளே முன்னால் நடந்தாள். வார்டு வாசலில் அதே ஆள் "ஏய் பெருசு, எங்க போற" என்றான். அவள் நின்று, "வாங்க போங்கன்னு ஒரு 'ங்க' சேத்துனா உனக்குக் காசா செலவாகுது சாமி?" என்று கேட்டாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒதுங்கி வழி விட்டான்.

ரத்த வங்கி, தண்ணீர், கொட்டகை எல்லாம் காட்டி முடித்துக் கடைசியாக அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே என்ன ஆத்தா என்று கேட்டாள். மாராத்தாள் கதவுக்கு முன்னால் தரையைக் கையால் காட்டினாள்.

"உன்ற ஊட்டுக்காரனை இங்க நிக்கச் சொல்லோணும் கண்ணு. யாரு தொரத்துனாலும் நவுரக் கூடாது."